கண்ணோட முன்பக்கத்துக்கு எந்த ஸ்கேன்: யூபிஎம்மா, ஓசிடியா, வெறும் லென்ஸ் வெச்சுப் பாத்தா போதுமா?

"நேத்துதான ஒரு ஸ்கேன் எடுத்தாங்க, அதுவும் இதே கண்ணுக்குத்தான, இன்னைக்கு மறுபடி எதுக்கு?" இந்தக் கேள்வி காதுல விழாத வாரமே கிடையாது. நான் கண் ஸ்கேன் எடுக்கற ரூம்ல வேலை பாக்கறேன், சீட்டுல யூபிஎம்னு, அதாவது ஒலி அலைய வெச்சு கண்ணோட முன்பக்கத்தப் படம் எடுக்கற ஸ்கேன்னு, எழுதி வாங்கிட்டு வர்றவங்க முகத்துல பாதி கோபம் பாதி பயம் ரெண்டும் தெரியும். நேத்து நாடிய ஒரு ஸ்டாண்டுல வெச்சு, ஒரு வெளிச்சத்தைப் பாக்கச் சொல்லி, கண்ணத் தொடாமலே ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. இன்னைக்கு படுக்கச் சொல்றோம், கண்ணுக்குள்ள ஒரு சின்னக் கிண்ணம் வெப்போம்ங்கறோம், அதுல தண்ணி ஊத்துவோம்ங்கறோம், யாருக்குத்தான் பயம் வராது? அதனால எது எதுக்காக, எதை எடுத்தா போதும், எங்க கட்டாயம் அடுத்ததுக்குப் போகணும்னு எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும். கண்ணுக்குள்ள ஒரு தண்ணி சுத்திக்கிட்டே இருக்கு, கண்ணீர் இல்ல, இது உள்ள ஓடற தெளிவான நீர். ஐரிஸ்னு சொல்றமே, கண்ணுக்குக் கலர் குடுக்கற அந்த வட்டத் திரை, அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கற சிலியரி பாடிதான் இந்த நீரைச் சுரக்குது. அங்கிருந்து லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் நடுவுல நுழைஞ்சு, பாப்பா வழியா, அதாவது ஐரிஸோட நடுவுல இருக்கற கருப்பு ஓட்டை வழியா முன்னாடி வந்து, ஐரிஸும் கார்னியாவும் (கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற தெளிவான மூடி) சேர்ற ஓரத்துல ஒரு சல்லடை மாதிரி இருக்கற இடத்துல வடிஞ்சு போகுது. அந்த ஓரத்தத்தான் ஆங்கிள்னு சொல்றாங்க. அது அடைச்சா கண்ணுல பிரஷர் ஏறும், திடீர்னு முழுசா அடைச்சா ஒரே ராத்திரியில தலைவலி, வாந்தி, பார்வை மங்கல்னு ஆளையே சாச்சிடும், மெதுவா அடைச்சா சத்தமே இல்லாம பார்வை நரம்பத் தின்னுடும். ரெண்டாவதுதான் எனக்கு அதிக பயம், ஏன்னா வலியே இருக்காது, வர்றப்போ பாதி பார்வை போயிருக்கும்.

இந்த ஆங்கிள நேரா பாக்க முடியாது. டாக்டர் ஸ்லிட் லாம்ப்ல, அதான் வெளிச்சக் கீத்து அடிச்சுக் கண்ணப் பெருசாக்கிப் பாக்கற அந்த மைக்ரோஸ்கோப்புல, எவ்வளவு கூர்மையா பாத்தாலும் தெரியாது. தண்ணிக்குள்ள முங்கி சாய்வா மேல பாத்தா தண்ணியோட மேல்மட்டம் கண்ணாடி மாதிரி மினுங்கி வெளிய இருக்கறது தெரியாம போகும்ல, அதே கதைதான், ஆங்கிள்ல இருந்து கிளம்பற வெளிச்சம் கார்னியாவ சாய்வாப் போய் இடிச்சு திரும்ப உள்ளயே போயிடுது, வெளிய வர்றதே இல்ல. ஆக அந்த மூலையப் பாக்க ஏதாவது ஒரு வழி பண்ணியாகணும், அந்த வழிங்கதான் இங்க நம்ம பேசப்போறது.

எந்த வழி வேணும்னு முடிவு பண்றதுக்கு நான் மனசுல வெச்சிருக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு: தேடற பொருள் ஐரிஸுக்கு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கா? சீட்டுல எழுதியிருக்கற காரணத்த இந்தக் கேள்வியோட சேர்த்துப் படிச்சா பத்துல ஒம்போது தடவை பதில் வந்துடும்.

கோனியோஸ்கோபியில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதத்தான் ஜனங்க ஸ்கேன்னு கணக்குலயே சேக்கறதில்ல, ஆனா இதுதான் அடிப்படை. மரத்துப்போற சொட்டு விட்டுட்டு, உள்ள கண்ணாடி பதிச்ச ஒரு சின்ன லென்ஸக் கண்ணு மேல வெச்சு டாக்டர் ஆங்கிள நேரடியா தன் கண்ணாலயே பாக்கறாங்க. மெஷின் கிடையாது, படம் கிடையாது, பெரும்பாலும் ஒரு நோட்டுப் பதிவுதான். ஆனா இதுல கிடைக்கற ரெண்டு விஷயம் வேற எதுலயும் கிடைக்காது. ஒண்ணு, கலர். ஆங்கிள்ல கருப்பா நிறமி கொட்டிக் கிடக்கா, புதுசா சின்ன ரத்தக்குழாய் ஏதாவது முளைச்சிருக்கா, அடிபட்ட கண்ணுல பழைய ரத்தம் தேங்கி நிக்குதா, இதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படத்துல எப்படித் தெரியும்? ரெண்டாவது, அழுத்திப் பாக்கறது. லென்ஸ லேசா கார்னியா மேல அழுத்தினா உள்ள இருக்கற நீர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு ஐரிஸ் பின்னாடி நகரும், அப்போ ஆங்கிள் திறந்துச்சுன்னா சும்மா ஒட்டாம சாஞ்சு கிடந்திருக்குன்னு அர்த்தம், திறக்கலைன்னா நிரந்தரமா ஒட்டிப்போச்சுன்னு அர்த்தம், வைத்தியம் ரெண்டுக்கும் வேற வேற. அதனால எந்தப் பெரிய மெஷின் இருந்தாலும் கோனியோஸ்கோபிய விட்டுட்டுப் போறத நான் ஒத்துக்கவே மாட்டேன். குறை என்னன்னா பாக்கறவங்க அனுபவத்தப் பொறுத்து பதில் மாறும், ஸ்லிட் லாம்ப் வெளிச்சம் கொஞ்சம் அதிகமாப் பாப்பாவுல பட்டாலே பாப்பா சுருங்கி ஆங்கிள் நிஜத்தவிட அகலமாத் தெரியும், கார்னியா வெள்ளையா மூடிப்போயிருந்தா எதுவும் தெரியாது.

அடுத்து ஏஎஸ்-ஓசிடி, கண்ணோட முன்பக்கத்துக்கான ஓசிடி. நேத்து தொடாம எடுத்தாங்களே, அதுதான். இது வெளிச்சத்த வெச்சு வேலை செய்யுது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. உள்ள அனுப்பின ஒளி எந்தெந்த ஆழத்துல இருந்து எவ்வளவு திரும்பி வருதுன்னு கணக்குப் போட்டு குறுக்குவெட்டுப் படமா வரைஞ்சு தருது. விழித்திரைக்கான ஓசிடி 1991ல வந்துச்சு, 1994ல அதே முறைய கண்ணோட முன்பக்கத்துக்குத் திருப்பினாங்க, அப்புறம் 1310 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மாறினதுக்கப்புறம்தான் ஆங்கிள் வரைக்கும் நல்லா தெரிய ஆரம்பிச்சுது. இப்ப இருக்கற மெஷின்கள்ல பலதுல 10 மைக்ரான் இல்ல அதுக்கும் கம்மியான நுணுக்கம் கிடைக்குது. மனுஷ முடி ஒண்ணு சுமாரா 70, 80 மைக்ரான் இருக்கும்னு வெச்சுக்கிட்டா இது எவ்வளவு சன்னம்னு தெரியும்.

கார்னியா சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும் ஏஎஸ்-ஓசிடிதான், இதுல எனக்கு ரெண்டு பேச்சே இல்ல. கார்னியாவோட நடுப்பகுதி மொத்தமே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, சுமார் 540 மைக்ரான், அதுக்குள்ள இருக்கற அடுக்குகள தனித்தனியா காட்டும், தழும்பு எவ்வளவு ஆழம், லேசர் ஆபரேஷன்ல வெட்டின மடிப்பு எவ்வளவு தடிமன், கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் உள்பக்கத்து மெல்லிய சவ்வு கழண்டு தொங்குதா, மாத்தி வெச்ச கார்னியா அடுக்கு சரியா ஒட்டியிருக்கா, எல்லாம் பளிச்னு தெரியும். தொடறதே இல்லைங்கறதால ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே எடுக்கலாம். ஆங்கிளையும் அளக்கலாம், அதுவும் இருட்டுல ஒரு தடவை வெளிச்சத்துல ஒரு தடவைன்னு எடுத்து ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, வெளிச்சத்துல திறந்திருந்த ஆங்கிள் இருட்டுல ஐரிஸ் சுருண்டு ஓரத்துல குவிஞ்சதும் மூடிக்கிறது அப்படியே தெரியும். இத ஒரு தடவை பேஷண்டுக்கு ஸ்கிரீன்ல காட்டிட்டா அவங்களுக்கு லேசர் ஏன் சொல்றாங்கன்னு வேற விளக்கமே தேவைப்படாது.

ஆனா ஒளிக்கு ஒரு சுவர் இருக்கு. ஐரிஸோட பின்பக்கம் முழுக்க அடர்த்தியான நிறமி பூசின ஒரு அடுக்கு, வெளிச்சம் கண்டபடி உள்ள போகக்கூடாதுன்னு இயற்கையே போட்ட திரை அது. ஓசிடி ஒளியும் அங்க நின்னுடும். படத்தப் பாத்தா ஐரிஸுக்குக் கீழ நிழல் மாதிரி இருட்டா இருக்கும், பாப்பா திறந்திருக்கற நடுப்பகுதியில மட்டும் லென்ஸ் தெரியும். சிலியரி பாடி, லென்ஸக் கட்டித் தொங்க விட்டிருக்கற நூலிழைகள், ஐரிஸுக்கும் சிலியரி பாடிக்கும் நடுவுல இருக்கற பள்ளம், இதெல்லாம் அந்த நிழலுக்குள்ள. வெள்ளைவிழி வழியா சிலியரி பாடியோட ஒரு கோடு கொஞ்சம் தெரியலாம், ஆனா அத வெச்சு முடிவெடுக்க முடியாது. கார்னியா ரொம்ப மங்கிப்போயிருந்தாலும் ஓசிடி திணறும், மேல் இமை மூடற இடத்துல மேல் ஆங்கிள் கிடைக்கறதும் சிரமம்.

இங்கதான் ஒலி வருது. ஒலிக்கு நிறமியும் தெரியாது கருப்பும் தெரியாது, கார்னியா வெள்ளையா இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான், தெளிவா இருந்தாலும் ஒண்ணுதான், பொருளோட அடர்த்தியும் ஒலி அதுல ஓடற வேகமும் மாறற எல்லையிலதான் அது எதிரொலிக்கும். யூபிஎம்ங்கறது அல்ட்ராசவுண்டுதான், கர்ப்பிணிகளுக்கு வயித்துல எடுக்கறமே அதோட ரொம்ப ரொம்ப உயர் அதிர்வெண் தம்பி. கதிரியக்கம் எதுவும் கிடையாது, எக்ஸ்ரே மாதிரி பயப்பட ஒண்ணுமில்ல. 1990 வாக்குல கனடாவுல டொரண்டோ நகரத்துல சார்லஸ் பாவ்லின்ங்கற கண் டாக்டரும் ஸ்டூவர்ட் ஃபாஸ்டர்ங்கற இயற்பியலாளரும் அவங்க கூட்டாளிங்களும் சேர்ந்து உருவாக்கினது.

பி-ஸ்கேன் எடுத்தாச்சே, அதுவும் அல்ட்ராசவுண்டுதானேன்னு சிலர் கேப்பாங்க. நல்ல கேள்வி, இதுக்குப் பதில் அலையோட நீளத்துல இருக்கு. கண்ணுக்குள்ள ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்துல போகுது. பி-ஸ்கேன்ல வழக்கமா 10 மெகாஹெர்ட்ஸ், அப்போ ஒரு அலையோட நீளம் 150 மைக்ரான் சுமார், அதவிடச் சின்னப் பொருளப் பிரிச்சுப் பாக்கறது கஷ்டம், ஆனா அது கண்ணோட கடைசி வரைக்கும் போய் விழித்திரை கழண்டிருக்கான்னு சொல்லிடும். யூபிஎம்ல 35ல இருந்து 50 மெகாஹெர்ட்ஸ், சிலதுல அதுக்கும் மேல. 50ல அலைநீளம் 30 மைக்ரான்தான், நுணுக்கம் 25 இல்ல 50 மைக்ரான் அளவுக்கு வந்துடும், ஆனா அதிர்வெண் ஏற ஏற ஒலி சீக்கிரம் தேய்ஞ்சு போயிடும், அதனால 4, 5 மில்லிமீட்டர் ஆழத்தோட முடிஞ்சுது. 35க்கு இறக்கினா கொஞ்சம் ஆழமாப் போகலாம், கொஞ்சம் நுணுக்கம் போகும். ஆக ஒண்ணு ஆழத்துக்கு, ஒண்ணு நுணுக்கத்துக்கு, பி-ஸ்கேன் எடுத்தாச்சுன்னு யூபிஎம்ம விடவும் முடியாது, யூபிஎம் எடுத்தாச்சுன்னு பி-ஸ்கேன விடவும் முடியாது.

எப்படி எடுக்கறோம்னு சொல்லிடறேன், பயம் பாதி இதுலயே போகும். படுக்க வெச்சு மரத்துப்போற சொட்டு விடுவோம், அரை நிமிஷத்துல மரத்துடும், மொதல் சொட்டு மட்டும் கொஞ்சம் எரியும். அப்புறம் பிளாஸ்டிக்ல அடி இல்லாத ஒரு சின்னக் கிண்ணம், சரியாச் சொன்னா ஒரு புனல் வளையம் மாதிரி, மேல் இமைக்குள்ள ஒரு விளிம்பு, கீழ் இமைக்குள்ள மறு விளிம்பு, மெதுவா நுழைச்சு வெப்போம். இமைகளே அதப் பிடிச்சுக்கும். உள்ள உப்புத்தண்ணியோ கூழ் மாதிரி திரவமோ ஊத்துவோம், ஏன்னா இவ்வளவு உயர் அதிர்வெண் ஒலி காத்துல போகவே போகாது, நடுவுல ஒரு சின்னக் காத்துக்குமிழி நின்னாலும் அதுக்குக் கீழ படம் கருப்பாப் போயிடும். குமிழி இருந்தா திரும்ப ஊத்துவேன், அவசரப்பட மாட்டேன். அப்புறம் புரோப, அதாவது ஒலிய அனுப்பி எதிரொலிய வாங்கற கைக்கருவிய, அந்தத் திரவத்துல முக்கி கண்ணுக்கு மேல சில மில்லிமீட்டர் உயரத்துல நிறுத்தி நகர்த்துவோம், அதோட முனை கண்ணத் தொடாது, தொடவும் கூடாது. இப்ப பல இடத்துல கிண்ணத்துக்குப் பதிலா புரோப் முனையில தண்ணி நிரப்பின மெல்லிசான பை மாட்டி அத அப்படியே கண்ணு மேல வெச்சு எடுக்கறாங்க, அது இன்னும் சுலபம், உக்காந்தே எடுக்கலாம்.

ஸ்கிரீன்ல என்ன தெரியும்னா, மேல கார்னியா ரெண்டு வெள்ளைக் கோடா வளைஞ்சு ஓடும், வெள்ளைவிழி அதவிடப் பளிச்சுனு இருக்கும், ரெண்டும் சந்திக்கற இடத்துக்கு உள்பக்கம் வெள்ளைவிழியோட ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் எங்களுக்கு வழிகாட்டி, ஆங்கிள அளக்கறதெல்லாம் அங்கிருந்துதான். கீழ ஐரிஸ் ஒரு பட்டையா, அதோட வேர்ல சிலியரி பாடி முக்கோணமா, அதுல இருந்து விரல் விரலா நீட்டிக்கிட்டு. மொதல் தடவை ஒரு நல்ல படம் கிடைச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, ஏன்னா புத்தகத்துல கோட்டுப்படமாப் பாத்த விரல்கள் உயிரோட இருக்கற கண்ணுல அப்படியே அசையுது.

இப்போ எங்கெல்லாம் யூபிஎம் தான் வேணும்ங்கறதுக்கு வருவோம், இதுலதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப்போறேன்.

ஆங்கிள் குறுகலா இருக்குன்னு ஐரிஸ்ல லேசர்ல ஒரு பொடி ஓட்டை போடுவாங்க, பின்னாடி தேங்கின நீர் அந்த ஓட்டை வழியா முன்னாடி வந்துட்டா ஐரிஸ் தட்டையாகி ஆங்கிள் திறக்கும், ரொம்பப் பேருக்கு இதோட வேலை முடியும். சிலருக்கு ஓட்டை நல்லாவே திறந்திருக்கும், ஆனா ஆங்கிள் மட்டும் மூடியே இருக்கும். பேஷண்ட் நினைப்பாங்க லேசர் சரியாப் போடலன்னு, டாக்டர் மேல சந்தேகமே வந்துடும். நிஜம் என்னன்னா அவங்க சிலியரி பாடியோட விரல்கள் பொறப்புலயே கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காந்துக்கிட்டு ஐரிஸோட வேர பின்னாடி இருந்து முட்டுக் குடுத்து நிக்குது, நீர் அழுத்தம் இல்ல பிரச்சனை, முட்டுக்கட்டைதான் பிரச்சனை. இதுக்கு பிளாட்டோ ஐரிஸ்னு பேரு. ஏஎஸ்-ஓசிடியில பாத்தா ஐரிஸ் வேர்ல செங்குத்தா எழும்பி அப்புறம் தட்டையா ஓடறது தெரியும், சந்தேகம் வரும், ஆனா ஏன்னு காட்டாது, காரணம் அந்த நிழலுக்குள்ள இருக்கு. கோனியோஸ்கோபியில அழுத்திப் பாத்தா ரெண்டு திமில் மாதிரி தெரியும்னு சொல்லுவாங்க, அனுபவமுள்ள கண்ணுக்குத்தான் அது பிடிபடும். யூபிஎம்ல ஒரே படம், விரல் முன்னாடி திரும்பி ஐரிஸத் தாங்கிக்கிட்டிருக்கு, நடுவுல இருக்கவேண்டிய பள்ளத்தையே காணோம், பேச்சு முடிஞ்சுது. அப்புறம் வைத்தியம் வேற பாதையில போகும், ஐரிஸ் ஓரத்த லேசர்ல சுருக்கறதோ, லென்ஸ எடுக்கறதோ, டாக்டர் முடிவு பண்ணுவாங்க. சில கண்ணுல விரலுக்குப் பதிலா சின்னச் சின்ன நீர்க்கட்டிங்க ஐரிஸுக்குப் பின்னாடி வரிசையா உக்காந்து இதே வேலையப் பண்ணும், அதையும் இதுலதான் பிரிச்சுச் சொல்ல முடியும்.

இன்னொண்ணு, ரெண்டு கண்ணும் ஒரே நேரத்துல அடைச்சுக்கிட்டு வந்தாங்கன்னா காதைத் தீட்டிக்கணும். ஒத்தைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் குடுக்கற டோபிரமேட்ங்கற மாத்திரை சிலருக்கு, பெரும்பாலும் ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள, சிலியரி பாடிக்கு வெளிய நீர் கோத்துக்கவெச்சு அத முன்பக்கமாச் சுழட்டி விட்டுடும், லென்ஸும் ஐரிஸும் சேர்ந்து முன்னாடி நகர்ந்து ஆங்கிள் மூடிடும். இதுக்கு லேசர் ஓட்டை போட்டா பிரயோஜனமே இல்ல, வழக்கமா அடைப்புக்கு விடற பாப்பா சுருக்கற சொட்டு இதுல நிலைமைய மோசமாக்கும், மாத்திரை எழுதின டாக்டரையும் கேட்டு மாத்திரைய நிறுத்தறதுதான் முக்கியமான வைத்தியம். யூபிஎம்ல சிலியரி பாடிக்கும் வெள்ளைவிழிக்கும் நடுவுல ஒரு கறுப்புப் பட்டை, அதுதான் கோத்த நீர். என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேக்காம விட்டாலும் படம் நம்மள அந்தக் கேள்விக்கு இழுத்துட்டு வந்துடும்.

பந்து அடிச்சு, கை முட்டி பட்டு வர்ற கண்ணுங்க இருக்கு. பிரஷர் ஏறினாத்தான் ஆபத்துன்னு எல்லாரும் நினைக்கறாங்க, இறங்கினாலும் ஆபத்துதான். அடியில சிலியரி பாடி வெள்ளைவிழியில இருந்து பிளந்துக்கிட்டா நீர் அந்தப் பிளவு வழியா உள்பக்கமா ஒழுகிக்கிட்டே இருக்கும், கண்ணு தளதளன்னு ஆகி பார்வை மங்கும். தளர்ந்த கண்ணுல கோனியோஸ்கோபி பண்ணினா லென்ஸ் வெச்ச உடனே கார்னியா மடிஞ்சு ஒண்ணும் தெரியாது. யூபிஎம்ல அந்தப் பிளவு எந்த மணியில ஆரம்பிச்சு எந்த மணியில முடியுதுன்னு, கடிகார முள்ளு கணக்கா, சொல்லிடலாம், தைக்கப்போற டாக்டருக்கு அதுதான் வரைபடம்.

கட்டிங்க விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். ஐரிஸ்ல ஒரு கருப்புப் புள்ளி வளர்ற மாதிரி இருக்குன்னா, மேலாப்புல மட்டும் உள்ள சின்னதுக்கு ஏஎஸ்-ஓசிடி போதும், ஆனா நிறமி அடர்த்தியா இருந்தா ஒளி மேல்பரப்புலயே செத்துடும், அடி எங்க இருக்குன்னே தெரியாது, சிலியரி பாடிக்குள்ள வேர் விட்டிருக்கா இல்லையாங்கறதுதான் முக்கியமான கேள்வி, அதுக்கு ஒலிதான் பதில் சொல்லும். உள்ள கருப்பா, சுத்தி மெல்லிய சுவரோட இருந்தா நீர்க்கட்டி, உள்ள நிரம்பி வெள்ளைத் துகள்களா இருந்தா சதைக்கட்டி. ஒரே ஒரு தடவை எடுத்துட்டு விடறதும் பத்தாது, அளவு வெச்சு சில மாசம் கழிச்சு திரும்ப எடுத்து ஒப்பிடணும்.

கண்புரை ஆபரேஷன்ல வெச்ச செயற்கை லென்ஸோட கொக்கி இடம் மாறி ஐரிஸோட பின்பக்கத்த உரசிக்கிட்டே இருந்தா, அப்பப்போ கண்ணு சிவக்கும், உள்ள ரத்தம் கசியும், பிரஷர் ஏறும், வெளிய இருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். அதுக்கும் யூபிஎம். கண்ணாடி வேணாம்னு கண்ணுக்குள்ள சொந்த லென்ஸுக்கு முன்னாடி ஐசிஎல்ங்கற ஒரு செயற்கை லென்ஸ் வெச்சுக்கறவங்களுக்கு நான் ரெண்டையும் சொல்லுவேன், வெக்கறதுக்கு முன்னாடி அந்த லென்ஸ் உக்காரப்போற பள்ளத்தோட அகலத்த நேரடியா அளக்கறது யூபிஎம்தான் (வெளிய இருந்து கார்னியா அகலத்த அளந்து கணக்குப் போடற முறைதான் அதிகம் நடக்குது, பலருக்கு அது சரியா வந்துடும்), வெச்சதுக்கு அப்புறம் ஐசிஎல்லுக்கும் சொந்த லென்ஸுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி நிக்குதுன்னு பாக்க ஏஎஸ்-ஓசிடியே தாராளம், அதுக்காக யாரும் கிண்ணம் வெச்சுக்க வேண்டாம்.

பொறந்த குழந்தை, கார்னியா ரெண்டும் வெள்ளை. இதச் சொல்லாம என்னால இந்த ஒப்பீட்ட முடிக்க முடியாது. வெளிய இருந்து யாருக்கும் எதுவும் தெரியாது, உள்ள ஐரிஸ் இருக்கா, லென்ஸ் கார்னியாவோட ஒட்டிக்கிட்டு இருக்கா, ஆங்கிள் உருவாகியிருக்கா, இது தெரியாம கார்னியா மாத்தலாமா வேணாமான்னு முடிவே எடுக்க முடியாது. மயக்க மருந்து குடுத்து அந்தப் பொடிக் கண்ணுல பொடிக் கிண்ணம் வெச்சு எடுக்கறப்போ ரூம்ல ஒருத்தரும் பேச மாட்டோம். அந்தப் படம் வர்ற நிமிஷத்துக்காகவே இந்த மெஷின் மேல எனக்கு அவ்வளவு மரியாதை.

இவ்வளவு சொல்லிட்டேன்னு யூபிஎம்தான் எல்லாத்துலயும் ஒசத்தின்னு நினைக்க வேண்டாம். கண்ணுல கிழிசல் இருக்குன்னு சந்தேகம் இருந்தாலே கிண்ணம் வெக்கக் கூடாது, அழுத்தினா உள்ள இருக்கறது வெளிய வந்துடும். கார்னியாவுல புண்ணோ கிருமித்தொற்றோ இருந்தா வேண்டாம், ஆபரேஷன் ஆன புதுசுல டாக்டர் சொல்லாம வேண்டாம். எடுக்கறவங்க கையப் பொறுத்தும் நிறைய மாறும், புரோப் செங்குத்தா நிக்காம சாஞ்சா ஆங்கிள் அகலமோ குறுகலோ பொய்யாத் தெரியும், கிண்ணத்த அழுத்திப் பிடிச்சா ஆங்கிளே உருமாறிடும், படுத்திருக்கறதால லென்ஸ் லேசாப் பின்னாடி சாயும். ரூம் வெளிச்சம் ஒரு தடவைக்கு ஒரு தடவை மாறினா போன வருஷப் படத்தோட ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல. ஒரு தடவைக்குத் தெரியறதும் கண்ணோட ஒரு சின்னத் துண்டுதான், ஏஎஸ்-ஓசிடி மாதிரி இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே படத்துல எல்லா யூபிஎம் மெஷின்லயும் வந்துடாது. ஷைம்ப்ளக் கேமரான்னு இன்னொண்ணு இருக்கு, கார்னியாவோட வளைவ அளக்க அருமையானது, ஆனா ஆங்கிளோட மூலைக்குள்ள அது எட்டாது, அதனால இந்தப் பேச்சுல அதுக்கு வேலையில்ல.

அப்போ நான் எப்படி வரிசைப்படுத்துவேன்னா, ஆங்கிள் சந்தேகம்னா மொதல்ல இருட்டு ரூம்ல ஒழுங்கா ஒரு கோனியோஸ்கோபி, கூடவே தொடாத ஏஎஸ்-ஓசிடி ஒண்ணு, பெரும்பாலானவங்களுக்கு இதுலயே விடை கிடைக்கும், இதுக்கு மேல யூபிஎம் கேட்டா ஏன்னு தயங்காம கேளுங்க. லேசர் போட்டும் ஆங்கிள் திறக்கல, ஐரிஸுக்குப் பின்னாடி எதுவோ தள்ளுது, அடிபட்டு பிரஷர் இறங்கிப்போச்சு, கட்டி சந்தேகம், கார்னியா மூடிப்போச்சு, இதுல எது இருந்தாலும் ஏஎஸ்-ஓசிடிய திரும்பத் திரும்ப எடுத்து நேரம் கடத்தாம நேரா யூபிஎம்முக்குப் போயிடணும். பாக்க வேண்டியது கார்னியாவ மட்டும்னா யூபிஎம் பக்கமே வர வேண்டாம். ஸ்கேன் ரெண்டும் எடுத்தாச்சுன்னா ஒண்ணு இன்னொண்ண வீணாக்கிடுச்சுன்னு நினைக்காதீங்க, முன்பக்கத்த ஒண்ணு பாத்துச்சு, திரைக்குப் பின்னாடி இன்னொண்ணு பாத்துச்சு.

வர்றவங்களுக்குக் கடைசியா நான் சொல்றது இவ்வளவுதான். பழைய ஸ்கேன் படம், லேசர் போட்ட தேதி, சாப்பிடற மாத்திரைப் பேரு எல்லாம் கையோட கொண்டு வாங்க. காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கழட்டிட்டு வாங்க. எடுக்கறப்போ கண்ண இறுக்கி மூடப் பாக்காதீங்க, மறு கண்ண நல்லாத் திறந்து கூரையில ஒரு புள்ளியப் பாத்துக்கிட்டே இருங்க, இந்தக் கண்ணு தானா அமைதியாகிடும். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் கலங்கலாத் தெரியும், கூழ் போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நேரம். அரை மணி நேரத்துக்கு மட்டும் கண்ணக் கசக்கவே கசக்காதீங்க, மரத்திருக்கற கண்ணு கார்னியா உரியறதக்கூட உணராது. வெள்ளைவிழியில லேசாச் சிவப்பு இருக்கறது ஒண்ணுமில்ல, ஆனா மருந்து இறங்கினதுக்கு அப்புறமும் மணல் விழுந்த மாதிரி உறுத்திக்கிட்டே இருந்தாலோ வெளிச்சம் பட்டாலே வலிச்சாலோ நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாம அன்னைக்கே வந்து காட்டிடுங்க.